வழியனுப்பலும் வரவேற்பும்: சென்னை அணி போட்ட கணக்கு

விளையாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அரிசியும் எண்ணெயும் நாளுக்கு நாள் விலை ஏறிவரும் காலத்தில், கடலுக்கு அப்பால் ஒரு கிரிக்கெட் அணி யாரை வைத்துக்கொண்டது, யாரை அனுப்பியது, எவருக்கு எத்தனை கோடி கொடுத்தது என்பதெல்லாம் நமக்கு எதற்கு என்று அவர்கள் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுடைய கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் ஷ்வேப்யிதாவின் தேநீர்க் கடைகளில் மாலை வேளையில் சிறிது நேரம் அமர்ந்து பாருங்கள். சுற்றியுள்ள மேசைகளில் இங்கிலாந்துக் கால்பந்து பேசப்படும். நம் பிள்ளைகள் கூடியிருக்கும் மேசையில் மட்டும் சென்னை சூப்பர் கிங்ஸ் பேசப்படும். எந்தப் பாடத்தையும் மனப்பாடம் செய்ய மறுக்கும் சிறுவன், ஏலத்தில் யார் எத்தனை கோடிக்குப் போனார் என்பதைத் தவறின்றி ஒப்புவிப்பான். பிள்ளைகள் இவ்வளவு ஊன்றிக் கவனிக்கும் ஒன்றைப் பெரியவர்கள் கண்டும் காணாமல் விடுதல் தகாது. அந்தக் கணக்கிலிருந்து அவர்கள் எதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மண்ணுக்குக் கிரிக்கெட் புதியதன்று. 1926-27-ஆம் ஆண்டில் ஆர்தர் கில்லிகன் தலைமையில் வந்த எம்.சி.சி. அணி இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளிலும் சுற்றுப்பயணம் செய்து, இரங்கூனிலும் ஆடிச் சென்றது. சென்னையும் நமக்கு அயலூர் அன்று. 1964-ஆம் ஆண்டையொட்டிய தேசியமயத்தில் கடைகளையும் தொழில்களையும் இழந்து கப்பலேறிய நம்மவர்கள் சென்னைத் துறைமுகத்தில்தான் இறங்கினார்கள். அவர்கள் பிழைப்புக்காகக் கடை விரித்த பர்மா பஜார், கடற்கரை இரயில் நிலையத்தின் அருகே இன்றும் அப்பெயருடனேயே விளங்குகிறது. சேப்பாக்கம் மைதானம் அங்கிருந்து தொலைவில் இல்லை. பாதிக் குடும்பம் அங்கும் பாதிக் குடும்பம் இங்குமாகப் பிரிந்து போன வீடுகள் நம்மிடையே ஏராளம். ஆகவே மஞ்சள் சட்டை அணிந்த அந்தப் பதினொருவரை நம் பிள்ளைகள் "நம்ம டீம்" என்று சொல்வதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

கடைசி இடம் தந்த பாடம்

2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை கோப்பையை வென்ற அணி இது. 2024-இல் ஐந்தாம் இடத்துக்கு இறங்கியது. 2025-இல் பதினான்கு ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது. அதற்கு முன் அது ஒருபோதும் கடைசி இடத்தைக் கண்டதில்லை. தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கையில் அடிபட்டு விலக, நாற்பத்து மூன்று வயதில் மகேந்திர சிங் தோனி மீண்டும் தலைமை ஏற்க வேண்டி வந்தது. அப்படியும் சேப்பாக்கத்தில் 103 ஓட்டங்களுக்குள் முடங்கிய நாளை ரசிகர்கள் மறக்க மாட்டார்கள்.

அந்த ஆண்டு மார்ச் 28-ஆம் நாளும் நினைவில் நிற்கிறது. அன்று நண்பகலில் சகாயிங், மண்டலே பகுதிகளை நிலநடுக்கம் சிதைத்தது. அன்றிரவுதான் சேப்பாக்கத்தில் பெங்களூர் அணி 2008-க்குப் பிறகு முதன்முறையாகச் சென்னையை வென்றது. உறவினரின் குரலைக் கேட்டுவிட மாட்டோமா என்று தொலைபேசியும் கையுமாக நம்மில் பலர் தவித்திருந்த இரவு அது. ஆட்டத்தின் முடிவைப் பல நாள் கழித்தே அறிந்தோம். அந்த ஆட்டத்தில் தோனி ஒன்பதாவது ஆளாக மட்டை பிடிக்க வந்தார் என்பதையும் பிறகுதான் கேள்விப்பட்டோம். தோற்றதைக் காட்டிலும் அதுவே நெஞ்சில் தைத்தது.

தோற்ற அணி தன் வீட்டைச் சீர்செய்தாக வேண்டும். அந்தச் சீரமைப்பு 2025 நவம்பரிலும் டிசம்பரிலும் நடந்தது. அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் முழுவதையும் ஆதரிக்கவில்லை.

பணத்துக்கு ஓர் எல்லை

முதலில் விதியைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் பணம் படைத்த அணி விரும்பியவாறு செலவு செய்து வந்திருக்கிறது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி 2023 டிசம்பரில் ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஒட்டானியுடன் பத்தாண்டுகளுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்த அணியே பட்டம் வென்றது. ஐ.பி.எல். அமைப்பு அத்தகையதன்று. 2026-ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஒவ்வோர் அணிக்கும் 125 கோடி ரூபாய் என்று எல்லை வகுக்கப்பட்டது. யாரை வைத்துக்கொள்கிறோமோ அவருடைய ஊதியம் அதில் கழியும். மிச்சத்தைக் கொண்டுதான் ஏலத்தில் ஆள் எடுக்க வேண்டும். அளவான சம்பளத்தில் மாதத்தை ஓட்டும் இல்லத்தரசிக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொன்றைக் குறைத்தே தீர வேண்டும்.

முந்தைய பெரிய ஏலத்துக்கு முன்பு, 2024-இல், சென்னை அணி ஐந்து பேரைத் தக்கவைத்தது. கெய்க்வாட் 18 கோடி, ரவீந்திர ஜடேஜா 18 கோடி, இலங்கையின் மதீஷ பத்திரன 13 கோடி, சிவம் துபே 12 கோடி, தோனி 4 கோடி. ஆக 65 கோடி. அப்போதைய எல்லையான 120 கோடியில் பாதிக்கு மேல் ஐவருக்கே போயிற்று. மீதி 55 கோடியில் அணி முழுவதையும் கட்ட வேண்டியிருந்தது. 2025-இல் நேர்ந்த வீழ்ச்சிக்கு அடிபட்ட முழங்கை மட்டும் காரணமன்று. பழைய பெருமைக்குக் கொடுத்த விலையும் காரணம் என்பது என் கருத்து.

ஜடேஜாவை அனுப்பியது சரியா?

2025 நவம்பர் 15-ஆம் நாள் அந்தச் செய்தி வந்தது. ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் அணிக்குப் போகிறார்கள். அங்கிருந்து சஞ்சு சாம்சன் சென்னைக்கு வருகிறார். நம் வீடுகளில் சில பிள்ளைகள் அன்று சோறு உண்ணவில்லை என்று கேள்விப்பட்டேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2023-ஆம் ஆண்டு அகமதாபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில், கடைசி இரண்டு பந்துகளில் ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்துக் கோப்பையைக் கொணர்ந்தவர் ஜடேஜா. 2012 முதல், அணி தடை செய்யப்பட்டிருந்த 2016, 2017 ஆகிய ஈராண்டுகள் நீங்கலாக, அவர் இல்லாத சென்னை அணியை அவர்கள் பார்த்ததே இல்லை.

ஆனாலும் நிர்வாகம் செய்தது சரி என்றே சொல்வேன். காரணங்கள் மூன்று.

ஒன்று, தோனிக்குப் பின் யார் என்ற கேள்வி ஆண்டுக்கணக்கில் விடையின்றிக் கிடந்தது. விக்கெட் காப்பாளர், முன்வரிசை மட்டையாளர், ஓர் அணியைப் பல ஆண்டுகள் தலைமையேற்று நடத்தியவர் என்ற மூன்று தகுதிகளும் சாம்சனிடம் சேர்ந்திருந்தன.

இரண்டு, வயது. அந்த நாளில் ஜடேஜாவுக்கு முப்பத்தாறு முடிந்து முப்பத்தேழு நெருங்கிக்கொண்டிருந்தது. சாம்சனுக்கு முப்பத்தொன்று.

மூன்று, கணக்கு. 18 கோடி பெறும் ஜடேஜாவும் 2.40 கோடி பெறும் கரனும் போக, 18 கோடி பெறும் சாம்சன் வந்தார். கையிலும் சிறிது மிஞ்சியது.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜடேஜாவின் இசைவைப் பெற்றே இந்த மாற்றம் நடந்தது. அவருடைய ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. போன இடமோ 2008-இல் அவர் பத்தொன்பது வயதுச் சிறுவனாக முதன்முதலில் ஆடிக் கோப்பை வென்ற அதே ராஜஸ்தான். புறப்பட்ட வீட்டுக்கே திரும்பிச் செல்லும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இது நம் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதன்று. ஒருவரை அனுப்பத்தான் வேண்டுமென்றால், கேட்டு, இசைவு பெற்று, தலை நிமிர்ந்து போக விட்டு அனுப்ப வேண்டும். இரவோடு இரவாகப் பட்டியலில் பெயர் இல்லை என்று அறிவிக்கப்பட்டவர்களின் வலி எத்தகையது என்பதை அறிந்த சமுதாயம் நாம்.

பத்தொன்பது வயதுத் தோளில் பதினான்கு கோடி

அடுத்து நடந்ததுதான் எனக்கு உடன்பாடில்லாதது. அஸ்வின் 2025 ஆகஸ்டில் ஐ.பி.எல். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். பத்திரன, டெவன் கான்வே, ரச்சின் இரவீந்திரா ஆகியோர் விடுவிக்கப்பட்டனர். இந்த நால்வரின் ஊதியம் மட்டுமே 33 கோடி. அவர்களோடு வேறு சிலரும் போக, 43.40 கோடி ரூபாயுடன் சென்னை அணி 2025 டிசம்பர் 16-ஆம் நாள் அபுதாபி ஏலத்துக்குச் சென்றது. அந்தத் தொகையில் 28.40 கோடியை இரண்டே இளைஞர்களுக்குக் கொடுத்தது. உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீர், வயது இருபது, 14.20 கோடி. இராஜஸ்தானத்தின் கார்த்திக் சர்மா, வயது பத்தொன்பது, அதே 14.20 கோடி. இருவருக்கும் அடிப்படை விலை 30 இலட்சமே. நாட்டுக்காக ஆடியிராத ஒருவருக்கு அதுவரை கிடைத்த பெரிய தொகை, 2022-இல் ஆவேஷ் கான் பெற்ற 10 கோடி.

இளைஞரை நாடிய திசை சரி. முதியோர் அணி என்று கேலி செய்யப்பட்டு, அந்தக் கேலியையே பெருமையாக்கி 2018-இல் வென்ற அணி, இனியும் அதே வழியில் வெல்ல முடியாது என்பதை உணர்ந்திருக்கிறது. அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் இளைஞரைத் தேடக் கோடிகள் தேவையில்லை என்பதை அதே அணி அதே ஆண்டில் நிரூபித்தும் இருந்தது. 2025 போட்டியின் நடுவில், காயமுற்றவர்களுக்கு மாற்றாக வந்த பதினேழு வயது ஆயுஷ் மாத்ரேயின் விலை 30 இலட்சம். தென்னாப்பிரிக்காவின் டெவால்ட் பிரேவிஸ் 2.20 கோடி. துவண்டு கிடந்த அணிக்கு உயிரூட்டியவர்கள் இவர்களே. மலிவாகக் கிடைத்ததால் அவர்கள் மேல் சுமை இல்லை. சுமை இல்லாததால் அச்சமின்றி அடித்தார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. "நம் குடும்பத்தின் நம்பிக்கையே நீதான்" என்று சொல்லி அனுப்பப்படும் மாணவன் தேர்வு மண்டபத்தில் கை நடுங்கி உட்கார்ந்திருப்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அவனைவிட அறிவில் குறைந்தவன் அருகே அமர்ந்து நிம்மதியாக எழுதிக்கொண்டிருப்பான். ஒருவனுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் கெடுதல் விலை கொடுத்தவனுக்கு மட்டும் அன்று. விலை பெற்றவனுக்கும் உண்டு. அவன் முதல் பந்தில் ஆட்டமிழந்தால், வெளியேறுவது பத்தொன்பது வயதுச் சிறுவனாக அரங்கத்தின் கண்ணுக்குத் தெரியாது. பதினான்கு கோடி நடந்து போவதாகவே தெரியும்.

அதோடு, அந்த ஏலத்தில் ஏனைய ஏழு பேருக்கும் சேர்த்துச் சென்னை செலவிட்டது 12.60 கோடி மட்டுமே. அதில் ராகுல் சாகருக்கு 5.20 கோடி போக, மற்ற அறுவருக்கும் சில்லறையே மிஞ்சியது. கடைசி ஓவர்களில் நம்பிக்கையோடு பந்தைக் கொடுக்கக்கூடியவராயிருந்த பத்திரன 18 கோடிக்குக் கொல்கத்தாவுக்குப் போய்விட்டார். ஒரு கூரையைப் பொன்னால் வேய்ந்து, ஒரு சுவரை எழுப்பாமல் விட்டது போன்றதே இது.

வீட்டு வாசலில் இருப்பவர்கள்

சென்னை என்ற பெயரைத் தாங்கிய அணியில் தமிழ்நாட்டு வீரர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி பல ஆண்டுகளாக எழுப்பப்படுகிறது. 2025-க்குப் பின் அது இன்னும் கூர்மையாகிவிட்டது. அஸ்வின் ஓய்வு பெற்றார். விஜய் சங்கரும் இளம் வீரர் ஆந்த்ரே சித்தார்த்தும் விடுவிக்கப்பட்டனர். வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங் தக்கவைக்கப்பட்டது ஓர் ஆறுதல். ஆனால் அதே 2025 போட்டியில் 759 ஓட்டங்கள் குவித்து முதலிடம் பெற்ற சாய் சுதர்சன் சென்னையில் வளர்ந்தவர், ஆடியதோ குஜராத்துக்கு. வாஷிங்டன் சுந்தர், சாய் கிஷோர் ஆகியோரும் அதே குஜராத்தில். வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவில். வாசலில் விளைந்த கீரையை அயலார் பறித்துச் செல்ல, நாம் தொலைவில் உள்ள சந்தையில் விலை பேசிக்கொண்டு நிற்பதுபோல் அல்லவா இருக்கிறது!

ஊர்ப் பற்று மட்டுமே தகுதியாகிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2025-இல் சென்னைக்காக 24 விக்கெட்டுகள் எடுத்த நூர் அகமது ஆப்கானிஸ்தானத்தவர். அவருக்குக் கொடுத்த 10 கோடி ஒரு காசும் வீண் இல்லை. அந்த நாட்டின் கிரிக்கெட் பிறந்த கதையை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். போருக்கு அஞ்சிப் பாகிஸ்தானின் பெஷாவர்ப் பகுதி முகாம்களில் தஞ்சம் புகுந்த அகதிப் பிள்ளைகள் அங்கே கற்றுக்கொண்டு தாயகத்துக்குக் கொண்டு சென்ற ஆட்டம் அது. 2017-இல் அந்த நாடு டெஸ்ட் தகுதி பெற்றது. முகாமின் புழுதியில் மரக்கட்டையைப் பிடித்து ஆடியவர்களின் அடுத்த தலைமுறை இன்று உலக அரங்குகளில் பந்து வீசுகிறது. ஆகவே வெளியூரான் வேண்டாம் என்பது என் வாதமன்று. அந்த வாதத்தை அகதியாக வாழும் எவரும் சொல்ல முடியாது. தொலைவில் இருப்பவனைத் தேடுங்கள். அருகில் இருப்பவனையும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

தோனி என்னும் நான்கு கோடி

ஐந்து ஆண்டுகள் நாட்டுக்காக ஆடாதவரை, நாட்டுக்காக ஆடியிராதவருக்கு இணையாகக் கருதலாம் என்ற விதியின்கீழ் தோனி 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். 2008-ஆம் ஆண்டின் முதல் ஏலத்தில் 15 இலட்சம் டாலருக்கு, அனைவரிலும் உயர்ந்த விலைக்கு, எடுக்கப்பட்டவர் அவர். நாற்பத்து நான்கு வயதைத் தாண்டியவரை 2026-க்கும் பட்டியலில் வைத்தது பாசத்தாலா, தேவையாலா என்று பலர் கேட்டார்கள். நான் அதைக் குறை கூற மாட்டேன். வீட்டில் ஒரு முதியவர் இருப்பது செலவன்று. ஆனால் அவரை ஒன்பதாம் இடத்தில் ஆட அனுப்பி, வெற்றியை அவர் தலையில் சுமத்துவது முறையன்று. புதிய காப்பாளர் கையுறை அணியும்போது பழையவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பாராயின், அந்த நான்கு கோடியே அணியின் மலிவான செலவாக இருக்கும்.

நமக்கு என்ன?

திருக்குறளின் பொருட்பாலில் 51-ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல், 52 தெரிந்துவினையாடல், 53 சுற்றந்தழால், 54 பொச்சாவாமை. ஆராய்ந்து ஆளைத் தேர்தல், தேர்ந்தவனுக்கு ஏற்ற வேலையைத் தருதல், அதன்பின் சுற்றத்தாரை அணைத்துக்கொள்ளுதல், எல்லாம் நிறைந்தபோது மகிழ்ச்சியில் மறந்துவிடாதிருத்தல் என்ற அந்த வரிசையை மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டுவது என் வழக்கம். சென்னை அணி 2023 வெற்றிக்குப் பின் நான்காவதை மறந்தது. 2025 இறுதியில் முதலாவதை நினைவுகூர்ந்தது. மூன்றாவதை இன்னும் சரிவரச் செய்யவில்லை.

நம் குடும்பங்களும் ஆண்டுதோறும் இதே கணக்கைப் போடுகின்றன. 2021-க்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள், 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவை அறிவிக்கப்பட்டபின் பிள்ளைகளை எல்லை தாண்டி அனுப்பியவர்கள், நகையை விற்று ஒரே மகனின் பயணத்துக்குக் கொட்டியவர்கள் நம்மில் பலர். அவர்கள் செய்ததைத் தவறு என்று சொல்லும் தகுதி எவருக்கும் இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்கலாம். போனவனின் தோளில் வீட்டின் முழு விலையையும் ஏற்றி அனுப்பினோமா? மாதாமாதம் வரும் பணத்தைக் கொண்டுதான் அவனை அளக்கிறோமா? வீட்டில் தங்கிவிட்ட பெண்பிள்ளையும் இளைய பையனும் முப்பது இலட்சத்து மாத்ரேக்கள் ஆகக்கூடியவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தோமா? அவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம், மாலை நேரத் தமிழ் வகுப்பு, ஒரு தையல் பயிற்சி என்று சிறு தொகையைப் பிரித்து வைத்தோமா?

இனிப் பிள்ளைகள் ஏலக் கணக்கை ஒப்புவிக்கும்போது, பெற்றோர்களே, அதட்டி அடக்காதீர்கள். அருகில் அமர்த்தி, இந்த 125 கோடியை நீயாக இருந்தால் எப்படிப் பிரிப்பாய் என்று கேளுங்கள். ஒருவனுக்கே எல்லாம் கொடுப்பானா, பகிர்ந்து கொடுப்பானா, போகிறவனை எப்படி அனுப்புவான், வருகிறவனை எப்படி வரவேற்பான் என்று பாருங்கள். அவன் சொல்லும் விடையில் கிரிக்கெட் அறிவு மட்டும் வெளிப்படாது. நாளை அவன் நடத்தப்போகும் குடும்பமும் தெரியும்.

பிரசாந்த் வீருக்கும் கார்த்திக் சர்மாவுக்கும் நம் வாழ்த்துகள். அவர்கள் தோற்கும் நாளில் விலையைச் சொல்லி ஏசாதிருப்போம். அவர்களுடைய வயதில் நம் பிள்ளைகளும் எங்கோ ஓர் அந்நிய ஊரில், யாருடைய எதிர்பார்ப்பையோ சுமந்துகொண்டு நிற்கிறார்கள்.